கையும் தூக்கவில்லை, வாயும் திறக்கவில்லை!

ஆதரவு 196. எதிர்ப்பு பூஜ்யம். ஆனாலும் தீர்மானம் தோற்றது!

இது என்ன கணக்கு என்று கேட்பீர்கள். பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் உட்கார்ந்து பாவு இழைகளை எண்ணுகிறவருக்கு இந்தக் கணக்கு புரியாது. வயலில் நாற்று முடி எண்ணிக் கூலி வாங்குகிற தாய்க்கும் புரியாது. ஆனால் டில்லி பார்லிமெண்டிலே, 1993 மே 11-ஆம் தேதி, இந்தக் கணக்குதான் அரங்கேறியது. ஆதரித்தவர் 196 பேர். எதிர்த்தவர் ஒருவர்கூட இல்லை. சபையிலே உட்கார்ந்திருந்தும் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடாதவர் 205 பேர். அந்த 205 பேரின் மௌனம்தான் தீர்மானத்தைக் கொன்றது.

என்ன தீர்மானம்? சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி வி. ராமசாமியைப் பதவி நீக்கும் தீர்மானம். அவர் நம் தமிழ்நாட்டுக்காரர். சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்து, பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதியாகி, 1989-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர். சண்டிகரில் தலைமை நீதிபதியாக இருந்தபோது சர்க்கார் பணத்தைத் தம் வீட்டுக்கும் ஜாமான்களுக்கும் வரம்பு மீறிச் செலவிட்டார் என்பது முக்கியமான குற்றச்சாட்டு. 1991-ல் 108 மக்கள் சபை மெம்பர்கள் கையெழுத்திட்டு நோட்டீஸ் கொடுத்தார்கள். சபாநாயகர் ரபி ராய் அதை ஏற்று, பி.பி. சாவந்த், பி.டி. தேசாய், ஓ. சின்னப்ப ரெட்டி ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் கமிட்டியை அமைத்தார். 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபிக்கப்பட்டதாக அந்தக் கமிட்டி அறிக்கை கொடுத்தது. ராமசாமி அவற்றை மறுத்தார்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் மார்க்சிஸ்ட் தோழர் சோம்நாத் சட்டர்ஜி. ராமசாமியின் தரப்பை வக்கீல் கபில் சிபல் சபைக்கே வந்து மணிக்கணக்கில் எடுத்துரைத்தார். அது நியாயம்தான். குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் அந்த உரிமை உண்டு. இரண்டு தரப்பையும் கேட்டாயிற்று. பிறகு என்ன செய்ய வேண்டும்? குற்றவாளி என்று தோன்றினால் ஆதரித்துக் கை தூக்கவேண்டும். நிரபராதி என்று தோன்றினால் எதிர்த்துக் கை தூக்கவேண்டும். ஆளும் காங்கிரசும் அதன் கூட்டாளிகளும் இரண்டும் செய்யவில்லை! கட்சிக் கட்டளை ஏதும் இல்லை, அவரவர் மனச்சாட்சிப்படி நடக்கலாம் என்று சொல்லிக்கொண்டார்கள். 205 பேருடைய மனச்சாட்சியும் ஒரே நாளில், ஒரே நிமிஷத்தில், ஒரே மாதிரியாக ஊமையாகிவிட்ட அதிசயத்தை உலகம் அன்றுதான் கண்டது!

மௌனத்தின் சூட்சுமம்

இதிலே ஒளிந்திருக்கும் தந்திரத்தைத் தோழர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். நீதிபதியை நீக்குவதற்கு அரசியல் சட்டம் இரண்டு நிபந்தனை விதிக்கிறது. வந்திருந்து ஓட்டளிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சபையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் வேண்டும். அன்று ஓட்டளித்த அத்தனை பேரும் ஆதரவுதான். ஆகவே முதல் நிபந்தனை நிறைவேறியது. மொத்தத்தில் பாதி என்றால் 270-ஐத் தாண்டவேண்டும். 196 போதாது. எனவே தோல்வி.

நம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் 500 அங்கத்தினர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகியை நீக்க 251 கைகள் உயரவேண்டும் என்பது விதி. 200 பேர் தூக்குகிறார்கள். மற்றவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாங்கள் யார் பக்கமும் இல்லை" என்று கூரையைப் பார்க்கிறார்கள். நிர்வாகி நாற்காலியில் நீடிக்கிறார். அவரைக் காப்பாற்றியது யார்? கூரையைப் பார்த்தவர்கள்தான்! அவர்கள் போட்டது எதிர்ப்பு ஓட்டு. ஆனால் அதை யாரும் பெயர் சொல்லிக் குத்திக் காட்ட முடியாத எதிர்ப்பு ஓட்டு. இன்னார் நீதிபதியைக் காப்பாற்றினார் என்று தொகுதியில் கேட்டால், "நான் எதிர்க்கவே இல்லையே!" என்று கையை விரிக்கலாம். நீதிபதியின் ஆட்கள் கேட்டால், "நான் ஆதரிக்கவே இல்லையே!" என்று பல்லை இளிக்கலாம். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. நீதிபதிகளின் நடத்தையைப் பற்றிப் பார்லிமெண்டில் சாதாரணமாக விவாதிக்கவே கூடாது என்று அரசியல் சட்டத்தின் 121-ஆவது ஷரத்து தடுக்கிறது. நீக்கத் தீர்மானம் வருகிற நாள் மட்டும்தான் விதிவிலக்கு. மற்ற நாட்களில் வாய்ப்பூட்டு சட்டத்தின் கையில். அந்த ஒரு நாளில் சாவி மெம்பரின் கையில். சாவி கையில் இருந்த நாளிலே தாமே பூட்டைப் போட்டுக்கொண்டார்கள் அந்த 205 பேர்!

ராமசாமி 1994-ல் வயதாகி ஓய்வு பெறும்வரை பதவியில் இருந்தார். 1999-ல் சிவகாசித் தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளராக மக்கள் முன் வந்தார். மக்கள் மௌனம் சாதிக்கவில்லை. தோற்கடித்தார்கள்.

2011 ஆகஸ்டு 18-ல் ராஜ்ய சபையில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கல்கத்தா ஹைகோர்ட்டு நீதிபதி சௌமித்ர சென்னை நீக்கும் தீர்மானத்தைத் தோழர் சீதாராம் யெச்சூரி கொண்டுவந்தார். ஆதரவு 189, எதிர்ப்பு 17. அந்த 17 பேரின் நிலை சரியென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அவர்கள் கை தூக்கி எதிர்த்தார்கள். ஏன் எதிர்க்கிறோம் என்று பேசினார்கள். அவர்களோடு வாதாட முடியும். ஊமையோடு எப்படி வாதாடுவது?

நமக்கு என்ன வந்தது?

"நீதிபதி யாராக இருந்தால் நமக்கென்ன? நாம் உழைத்தால்தானே சோறு!" என்று சிலர் சொல்வதுண்டு. முதலாளியும் மிராசுதாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்குத் தெரியும், கூலி எவ்வளவு என்பது களத்திலும் ஆலை வாசலிலும் மட்டும் முடிவாவதில்லை. கடைசியில் கோர்ட்டு மேஜைக்கும் போகிறது என்று.

வெண்மணியை மறந்துவிட்டோமா? 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக, கீழத்தஞ்சையில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டன. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்! கீழ்க்கோர்ட்டு மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் மற்றவர்களுக்கும் தண்டனை விதித்தது. ஹைகோர்ட்டு விடுதலை செய்தது. ஏராளமான நிலமுள்ள பணக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினமாம்! அந்த வாக்கியத்தை எழுதிய பேனாவுக்குள் எந்த வர்க்கத்தின் மை இருந்தது என்று விளக்கவும் வேண்டுமா?

2003-ல் என்ன நடந்தது? வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஜெயலலிதா சர்க்கார் லட்சக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பியது. தோழர் டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியும் உரிமையில்லை, தார்மிகமாகவும் உரிமையில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு அந்த ஆண்டு ஆகஸ்டில் சொன்னது.

அதே சுப்ரீம் கோர்ட்டுதான் 1982-ல், ஏஷியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டம் தடுத்திருக்கும் கட்டாய உழைப்பு என்றது. கட்டடம் ஒன்றே, சட்டப்புத்தகம் ஒன்றே. உட்கார்ந்திருந்த மனிதர்கள் வேறு. ஆகவேதான் யார் உட்காருகிறார்கள் என்பது நம் அடுப்பைப் பற்றிய கேள்வியாகிறது.

நம் காஞ்சி ஜில்லாவிலேயே, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில், 2024-ல் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியமான கோரிக்கை, தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கப் பதிவு விவகாரம் சென்னை ஹைகோர்ட்டு வரைக்கும் போயிற்று. 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. ஒரு சங்கத்துக்குப் பெயர் வைக்கவே கோர்ட்டு வாசலை மிதிக்க வேண்டியிருக்கிறபோது, அந்த ஆசனத்தில் யார் அமர்கிறார்கள் என்று கேட்காமல் இருக்க முடியுமா?

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இன்னொரு பக்கத்து ஊர்ச் செய்தி. திருத்தணிப் பக்கம் காவேரிராஜபுரம். அங்கே புறம்போக்கும் ஏழைகளுக்குச் சேரவேண்டிய நிலமும் ஆக்கிரமிக்கப்பட்டதாக நீதிபதி பி.டி. தினகரன்மீது குற்றச்சாட்டு எழுந்தது. 2009-ல் அவர் பெயர் சுப்ரீம் கோர்ட்டுக்கே சிபாரிசு ஆகியிருந்தது! அந்த டிசம்பரில் 75 ராஜ்ய சபை மெம்பர்கள் நோட்டீஸ் கொடுத்தார்கள். விசாரணைக் கமிட்டி வந்தது. அவர் மறுத்தார். விசாரணை முடியுமுன்பே 2011 ஜூலையில் ராஜினாமா செய்தார். அத்தோடு விசாரணையும் மடிந்தது. குற்றம் உண்மையா, பொய்யா? நிலமற்ற ஏழைக்கும் விடை கிடைக்கவில்லை. நிரபராதி என்றால் அந்த நீதிபதிக்கும் விடை கிடைக்கவில்லை.

வேண்டுமென்றும் சொல்லார், வேண்டாமென்றும் சொல்லார்!

நீக்குவதில்தான் இப்படி, நியமிப்பதில் எப்படி? நம் நாட்டில் ஒரு நீதிபதியின் பெயரைச் சபையில் வைத்து ஓட்டெடுக்கும் வழக்கமே கிடையாது. 1993 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பின்படி, மூத்த நீதிபதிகளின் கொலீஜியம் பெயர்களைத் தேர்ந்தெடுக்கிறது, சர்க்கார் நியமிக்கிறது. கொலீஜியம் தவறு செய்தால் மக்கள் யாரைக் கேட்பது? மூடிய அறைக்குள் நடக்கும் தேர்வை நாம் புகழவில்லை.

அந்த முறையை மாற்றி நியமனக் கமிஷன் அமைக்கும் மசோதா 2014 ஆகஸ்டு 13-ல் மக்கள் சபைக்கு வந்தது. ஆதரவு 367, எதிர்ப்பு மறுபடியும் பூஜ்யம்! 37 மெம்பர்களை வைத்திருந்த அ.தி.மு.க. ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. காஞ்சிபுரம் தொகுதியில் அந்த ஆண்டு வென்றதும் அந்தக் கட்சிதான். நெசவாளியும் விவசாயத் தொழிலாளியும் வரிசையில் நின்று போட்ட ஓட்டு, நீதிபதிகளை யார் தேர்ந்தெடுப்பது என்ற மாபெரும் கேள்வியில் 'உண்டு' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. அரசியல் சட்டத்தைத் திருத்தும் மசோதாவிலே ஓர் எதிர்ப்பு ஓட்டுகூட இல்லையென்றால் நாடு முழுக்க ஒரே கருத்து என்றா பொருள்? எதிர்ப்பவர்கள் எதிர்ப்பைச் சொல்லப் பயந்தார்கள் என்றுதான் பொருள். 2015 அக்டோபரில் அந்தக் கமிஷனைச் சுப்ரீம் கோர்ட்டு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்து செய்தது. அந்த ஐந்து நீதிபதிகளும் தங்கள் காரணங்களைப் பெயர் போட்டு எழுதினார்கள். மாறுபட்ட செலமேஸ்வரும் எழுதினார். மக்கள் பிரதிநிதிகளுக்கு இல்லாத துணிவு!

சர்க்காரின் நழுவல் இன்னும் நயமானது. சென்னை ஹைகோர்ட்டுக்கு வக்கீல் ஆர். ஜான் சத்யனின் பெயரைக் கொலீஜியம் சிபாரிசு செய்தது. பிரதமரை விமர்சித்த கட்டுரை ஒன்றைப் பகிர்ந்துகொண்டார் என்று உளவுத்துறை குறிப்பு வந்தது. அது தகுதிக் குறைவாகாது என்று 2023 ஜனவரியில் கொலீஜியம் மீண்டும் வலியுறுத்தியது. சர்க்கார் மறுத்ததா? இல்லை. நியமித்ததா? அதுவும் இல்லை. கோப்பின்மேல் கோழி அடைகாப்பதுபோல் உட்கார்ந்துகொண்டது! அவருக்குப் பின்னால் சிபாரிசான பெயர்கள் முந்திக்கொண்டன. பி.ஜே.பி. மகளிர் அணியில் பொறுப்பு வகித்த விக்டோரியா கௌரியோ 2023 பிப்ரவரி 7-ஆம் தேதி பதவியேற்றார். கட்சிக்காரராக இருந்தவர் நீதிபதியாகக் கூடாது என்பது நம் வாதமல்ல. ஒருவர் கட்சியில் இருந்தது தடையாகவில்லை, மற்றொருவர் கட்டுரையைப் பகிர்ந்தது தடையாகிறது என்றால், அந்த அளவுகோலை மக்கள் முன் வைத்துப் பேசவேண்டாமா? "பரிசீலனையில் இருக்கிறது" என்ற இரண்டு சொல்லுக்குள் அளவுகோலையே புதைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் மட்டும் வாழ்கிறதா?

"அமெரிக்காவைப் பாருங்கள், அங்கே செனட் சபையில் ஓட்டெடுத்தே நீதிபதியை அமர்த்துகிறார்கள்" என்பார்கள் சிலர். பார்த்தோம். 1987-ல் ராபர்ட் போர்க் என்பவர் தம் பிற்போக்குக் கருத்துகளை ஒளிக்காமல் சொன்னார். 58-க்கு 42 என்று செனட் அவரை நிராகரித்தது. அதிலிருந்து பின்வந்தவர்கள் கற்ற பாடம் என்ன தெரியுமா? கருத்தை மாற்றிக்கொள்வதல்ல; மூடிவைப்பது! கேள்வி கேட்டால், "வரப்போகிற வழக்கைப் பற்றிச் சொல்ல முடியாது" என்று ஒரே பல்லவி.

2018-ல் பிரெட் கவனா என்ற நீதிபதிக்கு ஓட்டளித்தபோது, கருக்கலைப்பு உரிமை பற்றிய பழைய தீர்ப்பை அவர் நிலைபெற்றதாக மதிக்கிறார் என்று செனட்டர் சூசன் காலின்ஸ் விளக்கம் சொன்னார். 2022 ஜூனில் அந்தத் தீர்ப்பைத் தூக்கியெறிந்த நீதிபதிகளில் கவனாவும் ஒருவர். தாம் ஏமாற்றப்பட்டதாக அந்த அம்மையார் வருந்தினார். வழவழப்பான சொல்லைக் கேட்டுக்கொண்டு வழவழப்பான சொல்லால் ஓட்டுப் போட்டால், இழப்பது செனட்டரல்ல. அந்த நாட்டு ஏழைப் பெண்கள். ஆகவே ஓட்டுப்பெட்டி மட்டும் போதாது. ஓட்டோடு உண்மையான காரணமும் வரவேண்டும்.

"நீதித்துறையின் சுதந்திரம் என்னாவது?"

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அரசியல்வாதிகள் நீதிபதிகளைப் பற்றி வாய்விட்டுப் பேசினால் நீதிபதிகள் அவர்களுக்குப் பயப்படமாட்டார்களா? 1973-ல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்படவில்லையா?

ஆம், ஆக்கப்பட்டார். அப்போது நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த மந்திரி மோகன் குமாரமங்கலம் சபையில் எழுந்து, நீதிபதியின் கண்ணோட்டத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்போம் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். நாடே கொதித்து விவாதித்தது. வக்கீல்கள் எதிர்த்தார்கள். காரணம் வெளியே வந்ததால் அதை எதிர்க்க முடிந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், காரணமின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவனுக்குக் கோர்ட்டை நாடும் உரிமை உண்டு என்று ஐவரில் ஒருவராகத் தனித்து நின்று எழுதினார் நீதிபதி எச்.ஆர். கன்னா. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி ஜூனியரான எம்.எச். பெக் தலைமை நீதிபதியானார். கன்னா ராஜினாமா செய்தார். அன்று நெருக்கடி நிலை இன்னும் விலக்கப்படவில்லை. பேச்சு அடங்கிய காலத்தில்தான் நீதிபதிக்குத் தண்டனை மிகச் சுலபமாக விழுந்தது!

நாம் கேட்பது நீதிபதியை மிரட்டும் உரிமையல்ல. தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக அவரை நீக்கும் உரிமையுமல்ல. ஒருவரை அமர்த்தினாலும், தடுத்தாலும், நீக்கினாலும், காப்பாற்றினாலும் அதைச் செய்கிறவர் பெயர் சொல்லிக் காரணம் சொல்லவேண்டும் என்பதுதான். பயமின்றித் தீர்ப்பளிக்க நீதிபதிக்குச் சுதந்திரம் வேண்டும். பதில் சொல்லாமல் தப்பிக்க மெம்பருக்குச் சுதந்திரம் எதற்கு?

உத்திரமேரூர்க் கல்லைக் கேளுங்கள்

2020 டிசம்பரில் புதிய பார்லிமெண்டுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடி நம் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் புகழ்ந்தார். சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், பராந்தக சோழன் காலத்தில், குடவோலை முறையை வகுத்த கல் அது. அந்தக் கல்லில் எல்லாம் பொன் என்று நாம் சொல்லமாட்டோம். கால் வேலி நிலமில்லாதவனுக்குப் பொதுவாக அதில் இடமில்லை. வேதம் கற்காத உழைப்பாளிக்கு வழியில்லை. ஆனால் பிரதமர் புகழ்ந்த அதே கல்லில் இன்னொரு விதியும் வெட்டப்பட்டிருக்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவனுடைய உறவினரும் நிற்கக் கூடாது! அந்த விதியையும் அவர் தம் பேச்சில் குறிப்பிட்டார். குறிப்பிட்டால் மட்டும் போதுமா?

கணக்கு என்பது பணக் கணக்கு மட்டுமா? ஓட்டுக் கணக்கும் கணக்குதான். ஆகவே நாம் கோருகிறோம்:

நீதிபதி நியமனம், நீக்கம் சம்பந்தமான எந்த ஓட்டெடுப்பிலும் கலந்துகொள்ளாத மெம்பர் தம் காரணத்தை எழுத்தில் சபையில் வைக்கவேண்டும். கொலீஜியம் சிபாரிசு செய்த பெயரைச் சர்க்கார் குறித்த கெடுவுக்குள் ஏற்கவேண்டும், அல்லது காரணத்தோடு திருப்பவேண்டும். அந்தக் காரணம் மக்களுக்குத் தெரியவேண்டும். கொலீஜியமும் ஏன் ஒருவரை எடுத்தது, ஏன் ஒருவரை விட்டது என்று விளக்கவேண்டும். ராஜினாமாக் கடிதம் கொடுத்ததும் விசாரணை செத்துவிடும் நிலை மாறவேண்டும்.

இவை தாமாக வரமாட்டா. ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வருகிறவரை நாம் நிறுத்திக் கேட்கவேண்டும். "நீதிமன்றத்தின்மீது முழு நம்பிக்கை உண்டு" என்பார். "சட்டம் தன் கடமையைச் செய்யும்" என்பார். "கட்சித் தலைமை முடிவு செய்யும்" என்பார். காஞ்சிபுரத்து நெசவாளிக்கு ஜரிகையைச் சோதிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல் மினுமினுப்பைப் பார்த்து அவர் மயங்குவதில்லை, உரசிப் பார்க்கிறார். உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிந்தால் நல்ல ஜரிகை. வேறு எதுவோ தெரிந்தால் போலி. இந்தச் சொற்களையும் அப்படியே உரசுங்கள்: "ஐயா, நீர் அன்று கை தூக்கினீரா, இல்லையா? தூக்கவில்லை என்றால் ஏன்?"

பதில் சொல்கிறவரோடு நாம் வாதாடுவோம். பதில் சொல்லாதவருக்கு, நம் கையில் இருக்கும் ஓட்டால் நாமே பதில் சொல்வோம்!